நாற்பத்தொன்றாம் எண்ணின் நீல அடுக்குகள்

பாளையங்கோட்டையில் இப்போதெல்லாம் வயிற்று ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள், சாத்துக்குடிப் பையைக் கட்டிலுக்கடியில் வைத்த கையோடு கேட்கிற முதல் கேள்வி உடம்பு எப்படி என்பதல்ல. நீலம் எவ்வளவு என்பதுதான். கொஞ்சம்தான் என்றால் பேச்சு மழை, விலைவாசி என்று நிம்மதியாகப் போய்விடும். அதிகம் என்றால் தொலைந்தது. யாரை நினைத்து இத்தனை ஏங்கினார் என்று வார்டு முழுக்க விசாரணை நடக்கும். துபாயில் இருக்கும் மகனுக்குப் போன் போகும். அவன் மறுபேச்சில்லாமல் அழுதுவிட்டு அன்றே விமானத்துக்குச் சீட்டு எடுப்பான்.

எல்லாம் டாக்டர் செண்பகவல்லி செய்த வேலை.

குடலுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, வலியே காட்டாமல் பத்துப் பதினைந்து வருடம் வளரும் கொழுப்புக் கட்டி ஒன்று உண்டு. வேட்டி ஏன் இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது என்று ஆள் யோசிக்கத் தொடங்கும்போது அது பலாக்காய் அளவுக்கு வந்திருக்கும். வெட்டி எடுக்கலாம். ஆனால் விளிம்பில் துளி மிச்சம் இருந்தாலும் திரும்ப வரும். அது சிலருக்கு மளமளவென்றும் சிலருக்கு ஆமை வேகத்திலும் ஏன் வளர்கிறது என்று ஆளாளுக்கு மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது, கண்டுபிடித்தவள் செண்பகவல்லி. ஒருவர் இன்னொருவரை எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது ரத்தத்தில் ஒரு பொருள் ஊறுகிறது. ஏங்குநீர் என்று அதற்குப் பெயர் வைத்தாள். கட்டி தின்று கொழுப்பது அதைத்தான். நாளுக்கு ஓர் அடுக்காகப் படிந்து வளர்கிறது. அவள் பக்குவம் செய்த சாயத்தில் முக்கினால், ஏங்கிய நாளின் அடுக்கு நீலமாகும். ஏங்காத நாள் மெல்லிசாக வெளுத்து நிற்கும். அவற்றை எண்ணிச் சொல்லும் இயந்திரம் அடுக்குமானி. ஒரு நாளையே காலை, மதியம், மாலை, இரவு என்று நாலாகப் பிரித்துக் காட்டிவிடும்.

ஏங்குநீர் ஊறாமல் நிறுத்த மாத்திரையும் வந்துவிட்டது. நீலநீக்கி. அதைப் போட்டவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். மகன் வந்தாலும் சந்தோஷம், வராவிட்டாலும் சந்தோஷம். பார்க்கிறவர்களுக்குத்தான் அது ஒரு மாதிரி இருந்தது. அதனால் எல்லோருக்கும் அள்ளிக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. கட்டியின் வெளி விளிம்புதான் கடைசியாகப் படிந்தது. அது நீலமாக இருந்தால் மாத்திரை. வெளுத்திருந்தால் காத்திருப்பு முடிந்தது, கட்டிக்கு இனித் தீனி இல்லை, மாத்திரை வேண்டாம். இந்த விதி சரியா என்று பார்க்கத்தான் தென் மாவட்டத்து ஐந்து ஆஸ்பத்திரிகளைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கினாள்.

ஆய்வு என்றால் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் செய்ய வேண்டும். ஐந்து ஊரிலிருந்தும் கட்டிகள் வெறும் எண்ணோடு வந்து இறங்கும். பேர் கிடையாது, ஊர் கிடையாது, எந்தத் தேதியில் வெட்டி எடுத்தது என்பதுகூடக் கிடையாது. ஆணா பெண்ணா என்றே தெரியாது. இது யாருடையது என்று தெரிந்தால் வாசிக்கிறவர் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் அல்லவா, அதற்காக.

கண்ணைக் கட்டினால் மட்டும் போதுமா? வாயைக் கட்ட முடியவில்லை. பதினொரு மணித் தேநீர் நேரத்தில் அந்தந்த வாரத்துக் கட்டிகளுக்குக் கதை கட்டுவது ஆய்வகத்தில் வழக்கமாகிவிட்டது. ஆரம்பித்து வைத்தது மூத்த டெக்னீஷியன் டெய்சி ராணி. ஐம்பது வயதுக்காரி, கை எவ்வளவு சுத்தமோ வாய் அவ்வளவு நீளம். பன்னிரண்டாம் எண்ணுக்குப் பட்டாளத்தில் ஒரு தம்பி, முப்பதாம் எண்ணுக்கு முறிந்துபோன ஒரு கல்யாணம் என்று அச்சடித்த மாதிரி சொல்லுவாள். செண்பகவல்லி முதலில் கண்டித்தாள். அப்புறம் காதில் விழாதவள் போல இருந்தாள். நாற்பத்தொன்று வந்த அன்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

அப்படி ஒரு கட்டியை யாரும் பார்த்ததில்லை. நடுவில், மிகப் பழைய பகுதியில், ஆறு வருடத்துக்கு நீலம். காலையில் வெளுப்பு, மதியம் இலேசான சாயல், மாலையிலும் இரவிலும் கரு நீலம். ஒரு நாள் தப்பவில்லை. ஏழு நாளுக்கு ஒருமுறை மட்டும் மாலையும் இரவும் வெளுத்திருந்தன. ஆறாம் வருடக் கடைசியில் இருபத்திரண்டு நாள் காலை, மாலை வித்தியாசமே இல்லாமல் ஒரே மையிருட்டு. அதற்கு அப்புறம் சட்டென்று நிறம் இறங்குகிறது. அங்கிருந்து விளிம்பு வரை ஒன்பது வருடம் வெள்ளை.

புருஷன் வெளிநாட்டில் என்று டெய்சி அடித்துச் சொன்னாள். வாரத்துக்கு ஒருநாள் போனில் பேசுவான், அன்றைக்கு மட்டும் அவளுக்கு நிம்மதி. அந்த இருபத்திரண்டு நாள்? டிக்கெட் போட்டாகிவிட்டது, வரப்போகிறான் என்று தெரிந்த பிறகு காத்திருப்பதுதானே ரொம்பக் கஷ்டம்.

"அப்பொறம் வந்துட்டாரு, பாத்தீகளா டாக்டர். ஒம்பது வருசம், ஒரு பொட்டு நீலம் இல்ல" என்றாள்.

செண்பகவல்லி தேநீரைப் பாதியில் வைத்தாள். எழுந்து தன் அறைக்குப் போய், நாற்பத்தொன்றாம் எண்ணின் தாளில் தன் கையாலேயே எழுதினாள்: காத்திருப்பு முடிந்தது. மாத்திரை வேண்டாம். கையெழுத்தும் போட்டாள்.

அவள் ஏன் பாதியில் எழுந்தாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவள் கணவர் சங்கரநயினார் ஒரு வெள்ளிக்கிழமை பெட்டியைக் கட்டிக்கொண்டு நாகர்கோவிலில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். சண்டை என்று சொல்லத் தக்க சண்டை எதுவும் நடக்கவில்லை. கொஞ்ச நாள் அங்கே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் அங்கேயே வேலைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். அவராகக் கூப்பிடட்டும் என்று இவள் இருந்தாள். அவரும் அங்கே அப்படித்தான் இருப்பார், வீம்பைப் பிடித்துக்கொண்டு நம்மை நினைத்து உருகிக்கொண்டிருப்பார் என்பது இவள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வைத்துத்தான் ஒன்பது வருடத்தை ஓட்டினாள். போன் மணி அடிக்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு விநாடி அவர் ஞாபகம்தான் வரும். அவளுக்கு அவர் வேண்டும். வேலையும் பேரும் புகழும் வந்த பிறகும், வீட்டுக்குப் போனால் அவர் இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

நாற்பத்தொன்று அவள் வீம்பை உடைத்துவிட்டது. போனவர்கள் வருகிறார்கள், வந்தால் ஒன்பது வருடம் வெள்ளையாக இருக்க முடிகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு என்ன வீம்பு? ஒருதரம் வந்துவிட்டுப் போங்கள் என்று அவருக்குச் செய்தி அனுப்பினாள். புதன்கிழமை மதியம் ஆஸ்பத்திரிக்கே வருவதாக ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. ஒன்பது வருடத்துக் காத்திருப்புக்கு ஒரு மணி நேரத்தில் பதில்! அன்று முழுக்க அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, டாக்டருக்கு ஏதோ விருது வந்திருக்கிறது என்று ஆய்வகத்தில் பேசிக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை உறை பிரிக்கிற நாள். வாசிப்பு எல்லாம் முடிந்து எழுதிக் கொடுத்த பிறகு, எண்ணுக்கு உரிய பேரையும் வெட்டி எடுத்த தேதியையும் மூடிய உறையில் அனுப்புவார்கள். செண்பகவல்லி வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். நாற்பத்தொன்று: சங்கரநயினார், ஆண், வயது ஐம்பத்திரண்டு, நாகர்கோவில்.

ஊரில் வேறு சங்கரநயினார் இல்லையா என்ன என்று முதலில் நினைத்தாள். வெட்டி எடுத்த தேதியிலிருந்து அடுக்குகளைப் பின்னோக்கி எண்ணினாள். ஒன்பது வருட வெள்ளை போய் முடிந்த இடம், அவர் பெட்டியைக் கட்டிய அந்த வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய ஆறு வருட நீலம், இருவரும் ஒரே வீட்டில் குடும்பம் நடத்திய ஆறு வருடம். வாரம் ஒருநாள் வெளுத்திருந்த மாலை ஞாயிற்றுக்கிழமை, அவள் வீட்டில் இருக்கும் நாள். மையிருட்டாகக் கிடந்த அந்த இருபத்திரண்டு நாளும் அவள் வீட்டுக்கே போகாமல் ஆய்வகத்தில் படுத்துக்கொண்டு, எத்தனை சூட்டில் வைத்தால் இந்தச் சாயம் நீலமாகப் பிடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்த நாட்கள்.

ஆறு, ஒன்பது என்ற எண்கள் முதலிலிருந்தே அவள் கண்முன்னால்தான் இருந்தன. உறைக்கவில்லை. அவள் கணக்கில் ஏங்குகிற வருடங்கள் பிரிந்திருந்த ஒன்பதுதானே. கூடவே இருக்கிறவளுக்காக ஒரு மனிதன் ஏங்க முடியும் என்பது, ஏக்கத்தையே ஆராய்ந்து பட்டம் வாங்கியவளுக்குத் தோன்றவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவர் தன்னை நினைத்து ஏங்கவில்லை என்பதற்காகவா, ஏங்கியபோது தனக்குத் தெரியவில்லை என்பதற்காகவா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை.

மறுநாள் அவர் வந்தார். மெலிந்திருந்தார். சட்டைக்கு உள்ளே வயிற்றுப் பட்டை தெரிந்தது. கொண்டுவந்த நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, அவள் மூக்குக்கண்ணாடி மாறியிருக்கிறது, முன்னது நன்றாக இருந்தது என்றார். ஆபரேஷனை ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொன்னால் நீ வேலையை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும் என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

கேட்கக் கூடாது என்றுதான் இருந்தாள். வாய் கேட்டுவிட்டது. "ஒம்பது வருசத்துல ஒரு நாள்கூட என்னைய நெனைக்கலியா?"

"நெனைக்காம என்ன, தெனமும் நெனைச்சேன்" என்றார் சங்கரநயினார். "எதிர்பாக்கத்தான் இல்ல. அங்க போன பொறவு ஆறு மணியானா வாசலப் பாக்க வேண்டாம்லா."

பிறகு அவரே, அவள் கூப்பிட்டதற்கு என்ன அர்த்தம் என்று தனக்குத் தெரியும் என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தாராம். வயதும் ஆகிறது, அடுத்த மே மாதம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிடவா என்று கேட்டார். ஒன்பது வருடமாக அவள் மனசுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம் அது. வாங்க என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆறு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று இன்னொரு சொல்லும் சேர்த்துச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள்.

கதவைத் தட்டிக்கொண்டு டெய்சி வந்தாள். தியேட்டரில் ஒருவருக்கு வயிற்றைத் திறந்து வைத்திருக்கிறார்கள். கட்டியின் விளிம்பை உறையவைத்துச் சீவி, சுத்தமாக இருக்கிறதா என்று செண்பகவல்லி பார்த்துச் சொன்னால்தான் தைக்க முடியும். போகாமல் இருக்க வழியில்லை. பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு ஓடினாள்.

முதல் சீவலில் விளிம்பு சுத்தமில்லை. இன்னும் கொஞ்சம் வெட்டி அனுப்பினார்கள். அதிலும் ஒரு ஓரத்தில் சந்தேகம். மூன்றாவது சீவலைப் பார்த்து, தைக்கலாம் என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. போயிருப்பார் என்று பதறிக்கொண்டு வந்தவள், கதவின் கண்ணாடி வழியே அவரைப் பார்த்துவிட்டு, அவர் கண்ணில் படாமல் ஓரமாக அப்படியே நின்றாள்.

அவர் போகவில்லை. இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடையில் யாரோ ஒரு நர்ஸ் போன காலடிச் சத்தம் கேட்டது. தலையை நிமிர்த்தி வாசலைப் பார்த்தார். அவள் இல்லை என்றதும் மெல்லக் குனிந்துகொண்டார். மறுபடி ஒரு சத்தம், மறுபடி நிமிர்ந்தார். ஆறு வருடமும் வீட்டில் இப்படித்தான் இருந்திருப்பார். அவள் ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை. அவள் கதவைத் திறக்கும்போது அவர் முகத்தைச் சரி செய்துகொண்டு சிரித்தபடி நின்றிருப்பார்.

நாளைக்கும் ஒரு வயிறு திறந்திருக்கும், நாளன்றைக்கும் திறந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தான் ஆறு மணிக்கு வருகிறவள் இல்லை என்பதும் தெரியும். அப்படியானால் கட்டி திரும்ப வராமல் இந்த மனிதரை உயிரோடு வைத்திருக்க வழி இரண்டுதான். மாத்திரையைக் கொடுத்துத் தன் வருகையும் போக்கும் ஒன்றாகத் தெரிகிறவராக அவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அனுப்பிவிடலாம்.

உள்ளே போனாள். வேலை முடிந்ததா என்று மட்டும் கேட்டார். அவள் சீட்டை இழுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், நாகர்கோவிலிலேயே, என்று எழுதிக் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்க எப்ப வரணும்?"

"வர வேண்டாம்" என்றாள்.

"செண்பகம், இது நீ சொல்லுதியா, டாக்டர் சொல்லுதாகளா?"

"டாக்டர்தான் சொல்லுதாக. செண்பகத்தக் கேட்டா உங்கள எந்திரிக்கவே விடமாட்டா."

அவருக்கு என்ன புரிந்ததோ, எவ்வளவு புரிந்ததோ, சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். சிப்ஸ் நமுத்துவிடும், இன்றைக்கே தின்றுவிடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று செண்பகவல்லி ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். வாசல் கதவைத் திறந்துவைத்துவிட்டு முன்னறையில் உட்கார்ந்தாள். தெருவில் நாகர்கோவில் பஸ் போகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் தலை தானாக நிமிர்ந்தது. தனக்குள் கட்டி ஏதும் இருந்தால் இன்றைய அடுக்கு எந்த நிறத்தில் படியும் என்பதை அவளைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. நீலநீக்கி கைப்பையில்தான் இருந்தது. அவள் அதைத் திறக்கவில்லை.