எண்பத்தேழாம் பக்கத்தில் இரண்டு சத்தம்

தொலைபேசி அலறியது.

பட்டறையில் இருந்த இருவரும் அசையவில்லை.

காலையிலிருந்து இது பதினோராவது அழைப்பு. முந்தைய பத்தில் ஏழு பேர், கொலைகாரன் கடைதானே என்று கேட்டுவிட்டுச் சிரித்து வைத்தவர்கள். மற்ற மூவர், கொடுத்த வேலையைத் திருப்பிக் கேட்டவர்கள்.

பெரியவர் அரத்தைக் கீழே வைத்தார். எழுபத்து மூன்று வயது. பூட்டுக்காரர். முதுகுக்குள் இரும்புப் பட்டை வைத்து முடுக்கியது போன்ற உடம்பு. நாற்காலியில்கூடச் சாய மாட்டார்.

ரிசீவரை எடுத்தார். கேட்டார். "நல்லதுங்க" என்று ஒரே சொல்லோடு வைத்தார்.

"யாரு பெரியப்பா?" என்றாள் தம்பி மகள்.

"ஹோட்டல் மேனேஜர். நாப்பது ரூமுக்கும் பூட்டு மாத்தற வேலை... வேண்டாமாம்."

"காரணம் சொன்னாரா?"

"புத்தகத்தைப் படிச்சிட்டாராம். அதை மட்டும் சொன்னார்."

அவள் கையிலிருந்த திருப்புளி மேஜையில் விழுந்தது. முப்பது வயது. இப்போது பட்டறையை நடத்துபவள் அவள்தான். பூட்டைத் தொட்டால் அதன் நோய் சொல்லும் விரல்கள். அப்பாவிடமிருந்து வந்த விரல்கள்.

அந்த அப்பாவைப் பற்றித்தான் அந்தப் புத்தகம்!

'உளியால் எழுதிய மரணம்.' ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுதிய உண்மைக் குற்றக் கதை. அவரை எல்லோரும் மீசை என்றுதான் சொல்வார்கள். அவர் முகத்தில் முதலில் மீசைதான் வரும். அவர் பின்னால் வருவார். இரண்டே மாதத்தில் ஒன்பது பதிப்பு. அட்டையில் ரத்தம் சொட்டும் உளி. உளியின் பிடியில், சின்னதாக, இவர்களுடைய கடை முத்திரை.

இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய வழக்கு.

நகைக்கடை முதலாளி ஒருவர் இவர்களிடம் இரும்புப் பெட்டி செய்யச் சொன்னார். அண்ணனும் தம்பியும் காலையில் கொண்டுபோய் வைத்தார்கள். மாலை விளக்கு ஏற்றுமுன் முதலாளி அந்தப் பெட்டியருகே செத்துக் கிடந்தார்... நெஞ்சில் உளியோடு. பெட்டியின் பூட்டு உடைந்திருந்தது. உள்ளே வைத்த வைரங்கள் இல்லை.

உளி, தம்பி காலையில் மறந்து விட்டுவிட்டு வந்த உளி. அதில் தம்பியின் ரேகை. போதாதா? விசாரித்த இன்ஸ்பெக்டர் மீசை ஒரே வாரத்தில் வழக்கை முடித்தார். தம்பிக்கு ஆயுள் தண்டனை. மூன்றாம் வருடம் சிறையிலேயே ஆயுள் முடிந்தது.

கடைசியாகப் பார்க்கப் போனபோது கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து தம்பி ஒன்றுதான் கேட்டான். "அண்ணா, போர்டைக் கழட்டிடாதே."

இன்று அந்தப் போர்டில் யாரோ சிவப்புச் சாயம் ஊற்றியிருந்தார்கள்.

"கொஞ்ச நாளைக்குக் கழட்டி வைக்கலாமா பெரியப்பா?" அவள் குரல் இறங்கியிருந்தது. "இப்படியே போனா அடுத்த மாசம் பட்டறையையே மூடணும்."

"மூடற வேலை வந்தா மூடலாம். போர்டு கழட்டற வேலை மட்டும் இந்த வீட்டுல கிடையாது. என்னைத் தூக்கிட்டுப் போன பிறகு நீ என்ன வேணா பண்ணிக்கோ."

"அப்போ அந்தப் புத்தகத்துல என்னதான் இருக்குன்னு ஒரு தடவையாவது படிங்க. எவ்வளவு நாளைக்கு அதைத் தொடவே மாட்டேன்னு உட்கார்ந்திருப்பீங்க?"

அவள் புத்தகத்தை விரித்து அவர் மடியில் வைத்தாள்.

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். குப்பையைக் கிளறுபவர் முகம். ஒரு பக்கம் திருப்பினார். இன்னொன்று...

எண்பத்தேழாம் பக்கத்தில் விரல் நின்றது.

"இதைச் சத்தமா படி" என்றார்.

அவள் படித்தாள். 'பெட்டி திறந்தது. முதலில் கனமாக ஒரு சத்தம். அடுத்த நொடி, வளையல் உரசியதுபோல் மெல்லியதாக இன்னொன்று. அந்த இரண்டு சத்தங்களுக்கு நடுவில் ஒரு மனிதன் கொலைகாரன் ஆனான்.'

"என்ன பெரியப்பா? கதைன்னா இப்படித்தான் அளப்பாங்க."

"அளக்கலாம்மா. இவ்வளவு சரியா அளக்க முடியாது."

அவர் எழுந்து பட்டறையின் பின்கட்டுக்குப் போனார். மூலையில் சாக்குப் போட்டு மூடிய இரும்புப் பெட்டி. வழக்கு முடிந்ததும் முதலாளி வீட்டார் வேண்டாமென்று தள்ளிவிட, இவரே எடை போட்டு வாங்கி வந்தது. அன்றிலிருந்து யாரையும் தொட விட்டதில்லை.

பூட்டுக்காரர் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. செய்யும் ஒவ்வொரு பெட்டிக்கும் தனிச் சூட்சுமம். சாவி மட்டும் இருந்தால் திறக்காது. பெட்டியை வைத்த அன்று, கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, வாங்கியவர் காதில் மட்டும் சொல்வார்கள். பூட்டைச் செய்தவன், பெட்டிக்குச் சொந்தக்காரன்... மூன்றாவது காது கிடையாது. கூடப் பிறந்தவனுக்கும் கிடையாது.

"இது நான் செஞ்ச பூட்டு. திறக்கச் சாவியை எதிர்ப்பக்கம் திருப்பணும். அப்படியே இடது கையை அடியில விட்டு, அங்க இருக்கிற தகட்டை உள்ளங்கையால மேலே தள்ளணும். தகடு ஏறும்போது கனமான சத்தம். தாழ் விழும்போது மெல்லிய சத்தம். உளியால உடைச்சா ஒரே சத்தம்... படார்."

அவள் கண்கள் விரிந்தன. "அப்படின்னா அன்னைக்கு முதல்ல யாரோ சாவி போட்டுத் திறந்திருக்காங்க."

"முதலாளியை மிரட்டிச் சூட்சுமத்தைக் கேட்டிருக்கான். திறந்திருக்கான். வேலை முடிஞ்சதும் உங்கப்பன் விட்டுட்டு வந்த உளி கண்ணுல பட்டிருக்கு. பழியைப் போட, திறந்த பூட்டை உடைச்சிருக்கான். காலையில வெச்ச பெட்டி, சாயங்காலம் பூட்டே இல்ல. அந்த ரெண்டு சத்தத்தையும் கேட்டவங்க மூணே பேர். நான், செத்தவர்..."

மூன்றாவது ஆள் யாரென்று அவர் சொல்லவில்லை. புத்தகத்தின் பின்னட்டையில் மீசை சிரித்துக்கொண்டிருந்தது.

"இதை அன்னைக்கே கோர்ட்டுல சொல்லியிருக்கலாமே" என்றாள். அந்தக் கேள்வியில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள்.

பெரியவர் முதல்முறையாகத் தலை குனிந்தார். பூட்டை உடைத்ததாக வழக்கு. சூட்சுமத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சாவி போட்டுத் திறந்திருப்பார்கள் என்று அவருக்கும் தோன்றவில்லை. அவ்வளவுதான் பதில். அதை ஒளிக்காமல் சொன்னார்.

"வாங்க, போலீஸுக்குப் போலாம்."

"ஒரு சத்தத்தைத் தூக்கிட்டா? சிரிச்சு அனுப்புவாங்க. முதல்ல மொத்தப் புத்தகத்தையும் படிக்கிறேன். பென்சில் கொண்டா."

இரண்டு நாளில் மூன்று முறை படித்தார். மூன்றாம் நாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஓர் அலுவலகத்துக்குப் போனார். இரண்டு மணி நேரம் உள்ளே இருந்தார்.

வெளியே வந்ததும் நேராகப் பதிப்பாளரின் அறைக்குப் போனார்.

அங்கே மீசையும் இருந்தது!

பதிப்பாளர் பதறிப்போய் நாற்காலி இழுத்துப் போட்டார். கிழவர் வக்கீல் நோட்டீஸோடு வந்திருக்கிறார் என்ற பயம். அவராகவே ஒரு தொகை சொன்னார். பெரியவர் அசையாததால் அதை இரட்டிப்பாக்கினார்.

"தம்பியை வித்துத் தின்ன நான் வரல" என்றார் பெரியவர். "பத்தாம் பதிப்புக்கு விழா எடுக்கறீங்களாமே. அந்தப் பெட்டி என்கிட்ட இருக்கு. பூட்டையும் பழையபடியே செஞ்சு மாட்டியிருக்கேன். மேடையில வைக்கிறீங்களா?"

பதிப்பாளருக்கு அடுத்த ஐந்து பதிப்பும் கண்முன் வரிசையாக வந்து நின்றன.

மீசை மட்டும் யோசித்தது. எதற்காக இந்த உபகாரம் என்று கேட்டது. படித்தவர்கள் பெட்டியையும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லட்டுமே என்றார் பெரியவர். முடிந்துபோன வழக்கில் கிழவரால் என்ன செய்துவிட முடியும்? மீசைக்குச் சிரிப்பு வந்தது. அவர் கையிலிருந்த பிரதியைப் பார்த்ததும் பேனாவைத் திறந்தது.

"கொடுங்க பெரியவரே, கையெழுத்துப் போட்டுத் தரேன். உங்க வீட்டுல ஒரு ஞாபகமா இருக்கட்டும்."

"இப்ப வேண்டாம். விழாவுல வாங்கிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை. காலை பதினோரு மணி. அரங்கில் உட்கார இடமில்லை.

மேடை நடுவில் உயரமான முக்காலி மேல் அந்தப் பெட்டி. சிறப்பு விருந்தினர், உதவி கமிஷனர் அம்மாள். நரை தெரியும் கொண்டை, மடிப்புக் கலையாத சீருடை. வந்ததிலிருந்து அவர் கண் பெட்டியின் மேலேயே இருந்தது.

மீசை நாற்பது நிமிடம் பேசியது. கொலைகாரனின் மனசு எப்படி வேலை செய்யும் என்பதைத் தன்னைவிட யாரும் எழுதிவிட முடியாது என்றது. கைதட்டல்.

அதன்பின் பெரியவர் சாவியை நீட்டினார். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்றார்.

பதிப்பாளர் திருப்பினார். திறக்கவில்லை. ஒரு பத்திரிகைக்காரப் பெண் வந்தாள், சாவியை இரண்டு பக்கமும் திருப்பினாள்... ஊஹூம். முன்வரிசையிலிருந்து புஜபலம் காட்டிக்கொண்டு ஒருவர் ஏறினார். கைப்பிடியோடு மல்லுக்கட்டினார். வியர்த்தார். இறங்கினார். கூட்டம் சிரித்தது.

"தப்புச் சாவியா இருக்கும்" என்றது ஒரு குரல்.

தம்பி மகள் ஒலிபெருக்கியின் பக்கம் வந்தாள். "முந்நூறு பக்கம் எழுதினவர் இருக்காரே. அவர் திறக்கலாமே."

"விடும்மா" என்றார் பெரியவர், எல்லோருக்கும் கேட்கும்படி. "அவருக்கு எழுதத்தான் வரும். திறக்கறதுக்குக் கைத்தொழில் தெரிஞ்சிருக்கணும். பாவம், வயசானவர்."

வயசானவர்! அதுவும் எழுபத்து மூன்று சொல்கிறது!

மீசை எழுந்தது. சாவியைப் பிடுங்கியது. முந்நூறு ஜோடிக் கண்கள். நாற்பது நிமிடம் வாங்கிய கைதட்டல் இன்னும் காதில் இருந்தது. சாவி எதிர்ப்பக்கம் திரும்பியது. இடது கை...

புத்தியைக் கேட்காமலே பெட்டிக்கு அடியில் போனது.

டொக்!

...க்ளிங்.

கதவு திறந்தது. அரங்கம் அதிர்ந்தது. விசில் பறந்தது. மீசை கையைத் தூக்கி வணங்கிற்று.

உதவி கமிஷனர் எழுந்து ஒலிபெருக்கியைப் பிடித்ததும் சத்தம் படிப்படியாக அடங்கியது.

"அடியில கை வைக்கணும்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

மீசையின் சிரிப்பு பாதியில் நின்றது. "அது... விசாரணையில குற்றவாளியே சொன்னான்."

"என் தம்பிக்கே தெரியாததை உங்களுக்கு எப்படிச் சொன்னான்?" என்றார் பெரியவர். "அதோட, பூட்டை உடைச்சான்னுதானே எழுதியிருக்கீங்க. சாவி போட்டுத் திறக்கத் தெரிஞ்சவன் உளியை எதுக்கு எடுப்பான்?"

"கேஸ் விசாரிச்சவன் நான். பெட்டியை நூறு தடவை சோதிச்சிருக்கேன்."

"எந்தப் பூட்டை? உடைஞ்சு கிடந்ததையா? தாழ் உடைஞ்சா அந்தத் தகடு அசையாது. நூறு இல்ல, ஆயிரம் தடவை சோதிச்சாலும் அதோட வேலை வெளியே தெரியாது."

உதவி கமிஷனர் பெரியவரின் பிரதியை வாங்கி, பென்சில் கோடு போட்ட பக்கத்தைப் படித்தார். 'கைரேகை நிபுணர் வந்து போகும்வரை என் சுண்டுவிரல்கூட அந்தப் பெட்டியில் படவில்லை. இளம் காவலர்களுக்கு இது பாடம்.'

"நீங்க எழுதினதுதானே?"

"ஆமா. அதுல என்ன தப்பு?"

"தப்பே இல்ல. அந்த நிபுணர் அன்னைக்கு அடித்தகட்டுல ஒரு உள்ளங்கை ரேகை எடுத்திருக்கார். இவர் தம்பியோடது இல்லைன்னு அறிக்கையும் எழுதியிருக்கார். கேஸ் கட்டுல அந்த அறிக்கை இல்ல. ரேகைப் பிரிவு அலமாரியில அதோட நகல் இருந்துது. உள்ளங்கைக்குக் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு."

மீசை இடது கையைச் சட்டென்று மூடியது.

"மூடிப் பிரயோஜனமில்ல" என்றார் உதவி கமிஷனர். "இந்தப் பொண்ணு காலையில என் முன்னாடிதான் அந்தத் தகட்டைத் துடைச்சா. அதுக்கப்புறம் மூணு பேர் திறக்கப் பார்த்தாங்க. அடியில கை வெச்சது நீங்க ஒருத்தர்தான்."

முன்வரிசையில் சாதாரண உடையில் இருந்த இருவர் சின்னப் பெட்டியோடு மேடையேறினார்கள். பொடி தூவினார்கள். லென்ஸ் பிடித்தார்கள். பழைய புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த மூத்தவர், நிமிர்ந்து உதவி கமிஷனரைப் பார்த்துத் தலையசைத்தார்.

தழும்பும் இருந்தது. அதே இடத்தில்.

முறுக்கிவிட்ட மீசை வியர்வையில் நனைந்து இரண்டு பக்கமும் தொங்கியது. முதல்முறையாக அதற்குப் பின்னால் இருந்த முகம் தெரிந்தது. இரண்டு காவலர்கள் ஆளுக்கொரு பக்கம் வந்து நின்றார்கள்.

பதிப்பாளர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"கவலைப்படாதீங்க சார்" என்றாள் தம்பி மகள். "எங்கப்பா பேரு இருக்கிற இடத்துல எல்லாம் எழுதினவர் பேரைப் போட்டுடுங்க. மத்தபடி உண்மைக் கதைதான்."

பெரியவர் ஒலிபெருக்கியை நோக்கி நடந்தார். நடையில் அவசரமில்லை. ஹோட்டல் மேனேஜர் இருந்தால் கேட்டுக்கொள்ளட்டும், பட்டறை நாளைக் காலை எட்டு மணிக்குத் திறந்திருக்கும், போர்டு அதே இடத்தில்தான் இருக்கும் என்று அறிவித்தார். ஐந்தாம் வரிசையில் ஒருவர் குனிந்து செருப்பைத் தேடினார்.

காவலர்கள் மீசையை நடத்திக்கொண்டு போனார்கள். படிக்கட்டில் பெரியவர் குறுக்கே வந்து நின்றார், கையில் அந்தப் பிரதியோடு. மீசையின் வலது கை, பழக்க தோஷத்தில், சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குப் போனது.

பெரியவர் புத்தகத்தை மூடினார்.

"கையெழுத்து வேண்டாம் சார்... கைரேகையே போதும்!"