விழாத ஒரு பின்

அந்தப் பந்து அவன் கையை விட்டுக் கிளம்பியபோதே அது தப்பான பந்து என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பௌலிங் அரங்கின் எண்ணெய் பூசிய மரத்தளத்தில் வலது ஓரமாகப் போய் வளைய வேண்டிய பந்து, பாதி வழியிலேயே இடப்பக்கம் சாய்ந்து, வீடு மறந்தவனைப் போல உருண்டது. லீக் சுற்றின் கடைசி ஆட்டம். கடைசிப் பந்து. எதிர்முனையில் பாட்டில் வடிவில் நிற்கும் பத்துப் பின் கட்டைகளில் குறைந்தது எட்டு விழுந்தால்தான் அவன் அணிக்கு வெற்றி. இந்தப் பந்துக்கு நாலு விழுந்தாலே பெரிது... எதிரணியில் இருந்த அவள் சந்தோஷத்தில் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தேவிட்டாள்.

பத்தும் விழுந்தன.

ஒன்று இன்னொன்றை இடித்தது. அது பக்கச் சுவரில் மோதித் திரும்பி வந்து மற்றொன்றின் காலை வாரியது. கடைசியாக நின்ற ஒன்று, விழலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து, சாய்ந்தது. மூன்று பின் வித்தியாசம். பட்டியலில் முதலிடம் அவர்களுக்கு; இரண்டாமிடத்தோடு அவள் அணியும் ஃபைனலுக்கு.

"பார்த்தியா? பிரஷர்னா நம்ம ஆளுக்குத் தண்ணி பட்ட பாடு" என்று அவனுடைய அணிக்காரர்கள் அவன் முதுகில் தட்டினார்கள். ஐந்து பேரும் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியின் மெக்கானிக்குகள்.

அவளுக்குக் காது இரண்டும் கொதித்தன.

இரண்டு நிமிடம் முன்னால்தான் அவள் தன் கடைசி ஆட்டத்தைத் தொலைத்திருந்தாள். வலது மூலையில் ஒரே ஒரு பின். தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் அடிக்கக்கூடிய பின். அதை வீழ்த்தியிருந்தால் இன்னொரு பந்து கிடைத்திருக்கும், ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். பந்து ஒரு விரல் தூரம் விலகி ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தது. ஆஸ்பத்திரி அணியின் மற்ற மூவரும், "விடு, பேட் லக்" என்றார்கள். அணியின் கேப்டன், ஆம்புலன்ஸ் ஓட்டும் அவளுடைய அண்ணன், எதுவுமே சொல்லவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

வாடகைக் காலணிகளைத் திருப்பித் தரும் கவுண்ட்டரில் அவன் குனிந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நேராகப் போய் அவன் முன்னால் நின்றாள்.

"வெட்கமா இல்ல உங்களுக்கு?"

அவன் நிமிர்ந்தான். பெரிய கண்கள். எந்தக் கெட்டிக்காரத்தனமும் இல்லாத, மழையில் கழுவிவிட்ட மாதிரியான கண்கள். அது வேறு அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"எதுக்குங்க?"

"அந்தப் பந்துக்கு. எல்லாரும் பிரஷர்ல கலக்கிட்டீங்கன்னு சொல்றாங்க. நீங்களும் பல்லைக் காட்டிட்டு நிக்கறீங்க."

"பல்லைக் காட்டலைங்க, நடுங்கிட்டிருந்தேன்" என்றான் அவன். "கை வழுக்கிருச்சு. அது லக்தான். சுத்தமான லக்."

சண்டைக்கு வந்தவளுக்குச் சண்டை கிடைக்கவில்லை. அதோடு அவன் நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா உங்களது பேட் லக் இல்லைங்க. பந்தைக் கையில எடுத்ததுல இருந்து விடற வரைக்கும் நீங்க மூச்சே விடல."

"உங்களை யாராவது கேட்டாங்களா?"

"இல்லைங்க."

"அப்போ வாயை மூடிக்கிட்டு செருப்பைப் போடுங்க."

வெளியே வந்து அண்ணனுடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்தாள். வீடு வரும்வரை அண்ணன் பேசவில்லை. 'மூச்சு விடலையாம்... இவன் பக்கத்துல நின்னு எண்ணினானா?' என்று வழியெல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தாள். திட்டுவதற்கு நடுவில் அந்தக் கண்கள் வந்து வந்து போயின. அதற்கும் சேர்த்துத் திட்டினாள்.

*

பத்து நாள் கழித்து, காலை எட்டு மணிக்கு, ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் அறையின் கதவு திறந்தது. கம்பெனி ஊழியர்களுக்கான வருடாந்திரப் பரிசோதனை. கையில் சீட்டுடன் உள்ளே வந்தது அவன்.

வெள்ளைக் கோட்டில் அவளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"வேற யாராவது இருக்காங்களா?"

"இல்ல. உட்காருங்க."

"நாளைக்கு வரட்டுமா?"

"உட்காருங்கன்னு சொன்னேன்."

உட்கார்ந்தான். அவள் அவன் கையில் பட்டையைச் சுற்றினாள். ரத்த அழுத்தம் நூற்று ஐம்பதைத் தொட்டது.

"பிரஷர் ஏறிக் கிடக்கு. எப்பவும் இப்படித்தானா?"

"இல்லைங்க... நீங்க முறைக்கறதை நிறுத்தினா இறங்கும்னு நினைக்கிறேன்."

சிரிப்பு உதடு வரை வந்துவிட்டது. கடித்து உள்ளே தள்ளினாள். ஊசியைப் பிரித்தாள். அவன் முகம் வெளிறியது. ஐந்தாவது மாடிக்கு மேல், இருட்டுக் குழிக்குள், இரும்புக் கயிற்றோடு தொங்கி வேலை பார்க்கிறவனுக்கு இந்த ஊசியைப் பார்த்துப் பயம்.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றான், நேரம் கேட்பது போலச் சாதாரணமாக.

"இதை இப்படி வெளிப்படையா சொல்றீங்களே."

"சொல்லிட்டா பாதி குறைஞ்சிடும். வேலையிலயும் அப்படித்தான். மேல ஏறும்போது பயமா இருந்தா கீழ நிக்கறவன்கிட்ட சொல்லிடுவேன். சொல்லாம ஏறினாத்தான் கை நடுங்கும்."

அவள் நரம்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். குத்தினாள். ஒரே முறை. அவனுக்குத் தெரியக்கூட இல்லை.

"முடிஞ்சுதா?" என்று வியந்தவன், மெதுவாகச் சேர்த்துக்கொண்டான். "ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டீங்களே? ஊசி போடறதுக்கு முன்னாடி நிதானமா மூச்சு விட்டீங்க. இங்க ஒழுங்கா விடறீங்க. அங்க மட்டும் ஏங்க விட மாட்டேங்கறீங்க?"

அவள் பஞ்சை அவன் முழங்கையில் வைத்து, வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்தமாக, அமுக்கினாள்.

"அடுத்த ஆள் வரட்டும்."

அன்று மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கோபம் கோபமாக வந்தது. பத்து வருடமாக அவள் எத்தனை ஆயிரம் கைகளில் ஊசி போட்டிருப்பாள்... பிறந்து ஒரு நாள் ஆன குழந்தைக்குப் போடும்போதுகூட அவள் கை நடுங்கியதில்லை. ஒரு மரக்கட்டைக்கு முன்னால் நடுங்குகிறது. ஏன் என்று அவளுக்கே தெரியும். ஊசி தவறினால் அது அவள் வேலை, அவளே திருத்திக்கொள்வாள். பந்து தவறினால் அண்ணன் முகம்.

ஏழு வருடமாக அண்ணன் அந்தக் கோப்பைக்காக அலைகிறான். மூன்று முறை இறுதி ஆட்டம். மூன்று முறையும் தோல்வி. அவன் சொல்லாத ஒவ்வொரு வார்த்தையும் அவள் தோளில்தான் ஏறி உட்கார்ந்தது.

*

அடுத்த செவ்வாய்க்கிழமை அவன் ரிப்போர்ட் வாங்க வந்தான். வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே... மழை பிடித்துக்கொண்டது. ஆம்புலன்ஸ் நிற்கும் முகப்புக் கூரையின் அடியில் அவனும், வேலை முடிந்து கிளம்பிய அவளும், இரண்டடி தள்ளி நின்றார்கள். சாய்வாக அடித்த மழை இரண்டடியை ஒரு அடியாக்கியது.

"ரிப்போர்ட்ல எல்லாம் சரியா இருக்கு" என்றாள், எங்கோ பார்த்தபடி.

"பார்த்தீங்களா?"

"என் வேலை அது."

"நூறு பேர் ரிப்போர்ட் இருக்கும்ல?"

அவள் திரும்பி முறைத்தாள். மழைத்துளி ஒன்று அவள் இமையில் நின்று, விழாமல் நடுங்கியது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் முறைப்பதை மறந்தாள்... எவ்வளவு நேரமோ. பக்கத்தில் ஒரு ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஓட்டுநர் இருக்கையில் அண்ணன்.

அன்று சாயங்காலம் சமையலறையில் வெடித்தது.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"எதுண்ணா?"

"நடிக்காதே. அந்த மூலைப் பின்னை நீ விட்டது எப்படின்னு நானும் மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டிருந்தேன். இப்பத்தானே புரியுது. ஆளுக்காக விட்டுக்கொடுத்திருக்கே."

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "டேய், என்ன பேச்சு பேசறே?"

அவளுக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது. கத்த நினைத்தாள். ஆனால் வந்த குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"அன்னைக்கு வரைக்கும் அவர் யாருன்னே எனக்குத் தெரியாது. நான் அதை விட்டது ஏன் தெரியுமாண்ணா? பயந்து. அவரைப் பார்த்து இல்ல, உன்னைப் பார்த்து. தோத்தா நீ பேச மாட்டியேன்னு பயந்து."

அண்ணன் ஒரு நொடி தடுமாறினான். ஆனால் இறங்கி வரவில்லை. "ஃபைனல்ல நீ கடைசியா ஆட வேண்டாம். உனக்கு பிரஷர் தாங்காது."

"நான்தான் கடைசியா ஆடுவேன். இன்னொரு தடவை பயந்துபோய் விட்டேன்னா, நீ சொன்னது உண்மைன்னே வெச்சுக்கோ."

"சரி. எல்லாரும் பார்க்கட்டும்."

மறுநாள் காலை அவனுக்கு ஃபோன் செய்தாள். நம்பர் பரிசோதனைச் சீட்டில் இருந்தது.

"ஃபைனல் முடியற வரைக்கும் என் கண்ணுல படாதீங்க."

"நான் என்னங்க பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணல. அதான் கோபம்."

அவன் அதற்குப் பிறகு கண்ணில் படவே இல்லை. மூன்று வாரம். ஒரு மெசேஜ்கூட இல்லை. சொன்னதைச் சொன்னபடி கேட்கிற ஆண்பிள்ளை ஒருவன் உலகத்தில் இருப்பான், அவனும் தனக்கென்று வந்து வாய்ப்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. 'கண்ணுல படாதேன்னா நிஜமாவே பட மாட்டானா... மடையன்.'

*

இறுதி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். எதிரில் அதே லிஃப்ட் மெக்கானிக்குகள். சமமாக முடிந்தால் பட்டியலில் முதலிடம் பிடித்த அணிக்கே கோப்பை என்பது விதி. அதாவது, அவன் கை வழுக்கிய அந்தப் பந்தின் புண்ணியத்தில், அவர்களுக்கே.

அவன் தன் ஆட்டத்தை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். எல்லோரும் முடித்தாயிற்று. மீதி அவள் மட்டும்.

முதல் பந்தில் ஒன்பது விழுந்தன. நின்றது ஒன்று. வலது மூலையில். அதே இடம்.

அரங்கம் அடங்கியது. பின்னால் யாரோ, "அன்னைக்கு விட்டாளே, அதே பின்னு" என்று முனகியது கேட்டது. பந்தை எடுத்தாள். கை நடுங்க ஆரம்பித்தது. திரும்பி அண்ணனைப் பார்த்தாள்.

"எனக்குப் பயமா இருக்குண்ணா" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

அவள் மூச்சை இழுத்தாள், விட்டாள். நான்கு எட்டு வைத்தாள். பந்து தளத்தில் இறங்கி, நேராகப் போய், மூலைப் பின்னைப் பெயர்த்துக்கொண்டு போனது.

இன்னும் ஒரு பந்து. பத்தும் விழுந்தால் ஒரு பின்னில் வெற்றி. ஒன்பது விழுந்தால் சமம், கோப்பை போய்விடும்.

தன் வாழ்நாளில் அப்படி ஒரு பந்தை அவள் போட்டதில்லை. ஓரமாகப் போய், கடைசி நேரத்தில் அழகாக வளைந்து, எங்கே இடிக்க வேண்டுமோ அங்கே இடித்தது. வெடிச் சத்தம். பின்கள் சிதறின. அவள் அணிக்காரர்கள் எழுந்தே விட்டார்கள்.

பின்வரிசையில் ஒன்று மட்டும் ஆடியது. இப்படிச் சாய்ந்தது. அப்படிச் சாய்ந்தது. நின்றது.

அவ்வளவுதான்.

அவள் அந்தப் பின்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. வந்தது கோபம்... சுத்தமான, சுகமான கோபம். வெட்கம் கலக்காத கோபம்.

"ஆளு ஜெயிக்கணும்ல, அதான்" என்றான் அவள் அணியிலேயே ஒருவன், மருந்துக் கிடங்கில் வேலை செய்கிறவன்.

அண்ணன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். "வாயை மூடு. அந்தப் பந்தைப் பார்த்தியா நீ? கண்ணு இருக்கா உனக்கு? அதுக்குப் பத்தும் விழுந்திருக்கணும்டா. எவனாலயும் அதுக்கு மேல போட முடியாது."

சட்டையை விட்டுவிட்டு அவளிடம் வந்தான். முகத்தைப் பார்க்காமல், அவள் கையிலிருந்த துண்டை வாங்கி மடித்தான். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தான்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்றான். "தப்புன்னு சொல்லும்போதே தெரியும். வாய் நிக்கல."

"இனிமே நிக்கணும்ணா."

"ம். மழை வர்ற மாதிரி இருக்கு. நான் ஆம்புலன்ஸ் டியூட்டிக்குப் போகணும். யாராவது உன்னை வீட்டுல விடுவாங்களா?" என்று கேட்டான், அரங்கத்தில் மெக்கானிக்குகள் நின்ற எதிர்மூலையைப் பார்த்துக்கொண்டு.

*

அவன் வண்டி நிறுத்துமிடத்தில் இருந்தான். கோப்பையோடு கும்மாளம் போட்ட கூட்டத்தில் சேராமல், தனியாக, நனைந்துகொண்டு. அவள் விடுவிடுவென்று நடந்து வந்தாள்.

"மூணு வாரம். ஒரு வார்த்தை இல்ல."

"நீங்கதானே கண்ணுல படாதேன்னு..."

"ஃபோன் கண்ணுல படுமா? காதுலதானே படும்?"

அவன் யோசித்தான். "அது தோணலைங்க."

"எப்படித் தோணும்? ஊசி போடறப்ப நான் மூச்சு விட்டது தெரியும். நூறு ரிப்போர்ட்ல உங்களுதை மட்டும் நான் பார்த்தது தெரியும். மத்தது எதுவுமே தெரியாது உங்களுக்கு."

மழை வலுத்தது. அவள் கண்ணில் வழிந்தது மழையா என்று அவனுக்குத் தெரியவில்லை. துடைக்கக் கையைக் கொண்டுபோய், பாதியிலேயே நிறுத்தினான்.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றான்.

"எதுக்கு?"

"உங்களை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. செருப்புக் கவுண்ட்டர்ல வந்து நின்னீங்களே, அப்பவே. நீங்க இல்லைன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு தெரியல. அதான் மூணு வாரமும் வாயைத் திறக்கல."

அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ தடதடவென்று உருண்டது. நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை.

"நானும்தான்" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "எனக்கும் பிடிச்சிருக்கு. எங்க அம்மாகிட்ட வந்து பேசுங்க. அண்ணன்கிட்டயும். நாளைக்கே."

அவன் அவளையே பார்த்தான். அந்தக் கண்கள் சிரித்தன.

"இதைக்கூடக் கோபமாத்தான் சொல்வீங்களா?"

"ஆமா" என்றாள் அவள். "பழகிக்கோங்க."