ஒரே சட்டியில் இரண்டு நெருப்பு

சரஸ்வதி ஆற்றங்கரையில் காலையிலிருந்தே ஒரே கூச்சல். அர்வதர் குலமும் விருகர் குலமும் சேர்ந்து ஒரே அரசாவது என்று முடிவாகியிருந்தது. இரண்டு குலத்து நெருப்பையும் ஒரே வேள்வி மேடையில் வைக்க வேண்டியதுதான் பாக்கி. யாருடைய நெருப்பை முதலில் வைப்பது?

“எங்களுதுதான் மொதல்ல. எங்ககிட்டதான் மாடு அதிகம்,” என்றார் அர்வதர் தலைவர்.

“மாடு மேய்க்கவா அரசு அமைக்கிறோம்? தேரெல்லாம் எங்ககிட்ட இருக்கு,” என்றார் விருகர் தலைவர்.

வீரர்களின் கைகள் வில்லைத் தேடின.

மேடையருகே அர்வதர் தலைவரின் மகள் மேனா நெருப்புச்சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே, இன்னொரு சட்டியோடு விருகர் தலைவரின் மகள் சுபர்ணை.

திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. தலைவர்களும் வீரர்களும் மரத்தடிக்கு ஓடினார்கள். மேனா தன் மான்தோலைச் சட்டிக்குமேல் கூடாரம்போலப் பிடித்தாள். சுபர்ணையிடம் தோல் இல்லை. குனிந்து முதுகாலேயே மழையைத் தடுத்தாள். நெருப்பு ‘சுர்’ரென்று புகைந்தது.

மேனாவுக்குப் பொறுக்கவில்லை. “ஏய், இங்க வா. இதுக்குள்ள எடம் இருக்கு.”

“உன்கூடப் பேசக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு.”

“பேசாம வா.”

சுபர்ணை சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். தோலுக்குள் நுழைவதற்குள், மழை பட்ட சூடான சட்டி ‘படக்’கென்று உடைந்தது. கங்குகள் உருண்டன.

“இதுல போடு,” என்று மேனா தன் சட்டியை நீட்டினாள்.

“இது உங்க சட்டியாச்சே?”

“பின்ன, மடியிலயா கட்டிக்கப்போற?”

இருவரும் குச்சியால் கங்குகளைத் தள்ளிச் சேர்த்தார்கள். கன்னம் வலிக்க ஊதினார்கள்.

மழை விட்டதும் தலைவர்கள் பதறிக்கொண்டு வந்தார்கள்.

“இதுல நம்ம நெருப்பு எதும்மா?” என்றார் மேனாவின் அப்பா.

மேனா எதையும் மறைக்கவில்லை. “தெரியலப்பா. அவங்க சட்டி உடைஞ்சுது, நான்தான் இதுல போடச் சொன்னேன். இப்ப எல்லாம் ஒரே மாதிரி செவப்பாத்தான் இருக்கு.”

அப்பா விருகர் தலைவரைப் பார்த்தார். அவரோ சட்டியைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“பிரிச்சுக் குடுன்னு கேக்கவும் வழியில்லாம பண்ணிட்டாளே உம்ம பொண்ணு! நீரு அந்தப் பக்கம் பிடியும் ஐயா.”

இரு தலைவர்களும் சட்டியைத் தூக்கி மேடையில் கவிழ்த்தார்கள். நெய் ஊற்றியதும் தீ ஆளுயரத்துக்கு எழுந்தது. முரசுகள் அதிர்ந்தன. வீரர்கள் சிறுமிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கரை நெடுக ஆடினார்கள்.

அன்று மாலை, அந்தப் புதிய அரசின் எல்லா வீடுகளிலும் அடுப்பெரிந்தது அந்த நெருப்பில்தான்.