தூணுக்குப் பின்னால் ஒரு கை

பிரசாந்தி காத்தோங்குக்கு வீடு மாறிப் போனதிலிருந்து எனக்கு இடைவேளை என்றாலே பிடிக்காது. காத்தோங் ஒன்றும் நிலாவில் இல்லை, இதே சிங்கப்பூரில்தான். பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரம்தான். ஆனால் ஒரு தட்டு மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டு முடிப்பதற்குள் அவள் பஸ் பிடித்து வர முடியுமா என்ன?

அவளை விட்டால் தொடக்கநிலை ஐந்தாம் வகுப்பில் எனக்கு வேறு தோழி கிடையாது. கேன்டீனில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன்.

அதனால்தான் அந்தப் படம் எனக்கு அவ்வளவு முக்கியம். பிரசாந்தி கிளம்புவதற்கு முன்னால், சிராங்கூன் சாலையில் ஒரு பூக்கடை வாசலில் அவளை நிற்க வைத்து, பள்ளிப் புகைப்படக் குழுவின் பெரிய ஃபிலிம் கேமராவில் எடுத்தேன். என்னிடம் அவளுடைய படம் வேறு எதுவும் இல்லை. கைபேசி கேட்டால் அம்மா, "பிஎஸ்எல்இ பரீட்சை முடியட்டும்" என்பார்.

புதன்கிழமை குழுவோடு இருட்டறைக்குப் போனேன். சிவப்பு விளக்கு மட்டும் எரியும் சின்ன அறை அது. நெகட்டிவைப் புகைப்படத் தாளின்மேல் வைத்து, கண்ணாடியால் அமுக்கி, மேலிருந்து விளக்கைப் போட வேண்டும். பிறகு தாளை மருந்துத் தண்ணீரில் போட்டால் படம் வரும்.

விளக்குக்குக் கீழே ஒரு வண்ண ஃபில்டரையும் செருக வேண்டும். மஞ்சள் போட்டால் கறுப்பும் வெள்ளையும் சாந்தமாக வரும். அடர் ரோஸ் போட்டால் கறுப்பு கன்னங்கறுப்பாகவும், வெள்ளை வெள்ளைவெளேரென்றும் வரும்.

"ரோஸ் போடுலா. அதான் பவர்," என்றான் குழுவில் இருக்கும் அதீஃப். எல்லாரும் ரோஸ்தான் போட்டார்கள். நானும் போட்டேன்.

சாலை பளீரென்று வந்தது. பிரசாந்தி நின்ற இடம் மட்டும் கருகிப்போன தோசை மாதிரி இருந்தது.

"யாரு இது, பேயா?" அதீஃப் சிரித்தான்.

"உன் மூஞ்சி!" என்று கத்திவிட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"தாரணி, சத்தம் போடாதே," என்றார் குழுவைப் பார்த்துக்கொள்ளும் வைதேகி டீச்சர். "ஆளுக்கு ரெண்டு பேப்பர்தான். உனக்கு இன்னும் ஒண்ணுதான் இருக்கு."

நெகட்டிவைச் சிவப்பு விளக்கின் முன்னால் தூக்கிப் பார்த்தேன். பிரசாந்தி நின்ற இடத்தில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. அப்படியென்றால் அவள் முகம் அங்கேதான் இருக்கிறது!

அன்றைக்குச் சாலையில் கொளுத்தும் வெயில். தூண்கள் தாங்கிய கூரைக்குக் கீழே, கடை வாசல் நடைபாதையிலோ ஒரே நிழல். இரண்டும் ஏற்கெனவே படத்துக்குள் மல்லுக்கு நிற்கின்றன. அதில் ரோஸ் போட்டால், சண்டை போடுகிறவர்களிடம் போய் "இன்னும் நல்லாப் போடுங்க" என்று சொன்ன மாதிரி ஆகாதா?

மஞ்சளை எடுத்தேன்.

"சப்புன்னு வரும்லா," என்றான் அதீஃப்.

"வரட்டும். என் பேப்பர்."

மஞ்சளுக்குக் கொஞ்ச வெளிச்சமே போதும். விளக்கைச் சீக்கிரம் அணைத்துவிட்டுத் தாளை மருந்தில் போட்டேன். முதலில் தூண் வந்தது. அப்புறம் இரட்டைச் சடை. அப்புறம் காது வரை நீண்ட பிரசாந்தியின் சிரிப்பு!

படத்தைக் கழுவி வெளியே எடுத்து வந்து ஆசையாகப் பார்த்தேன். தூணுக்குப் பின்னால், நிழலில், இன்னொரு முகமும் இருந்தது.

பக்கத்து வகுப்பு வர்ஷா. எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கியிருந்தாள். நாங்கள் இருவரும் எங்கள் சிரிப்பிலேயே இருந்துவிட்டோம். அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

மறுநாள் இடைவேளையில் அவளைத் தேடினேன். பானக் கடைக்குப் பக்கத்தில், கடைசி மேசையில், தனியாகக் கறிபஃப் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தினமும் அங்கேதான் இருந்திருப்பாள் போல.

"வர்ஷா, அன்னைக்குப் பூக்கடைகிட்ட எங்களைப் பார்த்துக் கை காட்டுனியா?"

அவள் முகம் சுருங்கியது. "ஆமா. நீங்க பார்க்கல. அப்புறம் தலையைச் சொறியிற மாதிரி ஆக்ட் பண்ணிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்தான்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "படத்துல நீ இருக்கே, தெரியுமா?"

"ஐயோ! எப்படி இருக்கேன்?"

"தலையைச் சொறியிற மாதிரி இல்லவே இல்ல," என்றேன். "எங்களைக் கூப்பிடுற மாதிரிதான் இருக்கே."

வர்ஷா கறிபஃப்பைப் பிய்த்து, பெரிய பாதியை என் பக்கம் தள்ளினாள்.