தவிட்டுக்குப் பிள்ளை வாங்கிய வீடு

நவம்பர் 4, திங்கள்

நேற்று எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. "காவலுக்கு இருக்கும் கராமத் அக்கா குழந்தையை ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டார்" என்று எழுதியிருக்கிறேன். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. இரண்டு கைகளைத்தான் பார்த்தேன். முகம் பார்க்காமல் பெயர் எழுதியது தவறு. ஆகவே முதலிலிருந்து, கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன்.

பள்ளி விடுமுறை. மழலையர் பள்ளி ஆசிரியைப் பயிற்சிக்காக நான் போகும் மாலை வகுப்பில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். ஒரு குழந்தையைப் பழைய வீடு எதற்காவது கூட்டிப்போய், அது கேட்பதையெல்லாம் எழுதிக் கொண்டுவர வேண்டும். எனக்குக் கிடைத்த குழந்தை துர்சுனாய், என் அக்கா மவ்ஜூதாவின் மகள். ஆறு வயது. அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால்தான் 'இருக்கட்டும்' என்று பொருள்படும் அந்தப் பெயர்.

"பத்திரமா கூட்டிட்டு வா. அவளை விட்டா எனக்கு வேற இல்ல," என்றாள் அக்கா. எங்கே போனாலும் இதைத்தான் சொல்வாள்.

தாஷ்கண்டிலிருந்து வேனில் போய், சிர்ச்சிக் ஆற்றைத் தாண்டி இறங்கினோம். மீர்சாத் என்ற பழைய வியாபாரியின் வீடு அது. இப்போது அருங்காட்சியகம். வாசலில் ஒரு சம்சா வாங்கி இருவரும் பாதி பாதியாகத் தின்றோம். எங்களைத் தவிர யாரும் வரவில்லை. கராமத் அக்கா மேல்கோட்டோடு உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

"சுவரைத் தொடாதே. பாயை மிதிக்காதே. பிள்ளையைக் கையில பிடி. ஞாயித்துக்கிழமை கூட நிம்மதி இல்ல."

உள்ளே ஈரக் களிமண் வாடை. அதற்கு அடியில் பழைய கம்பளியும் கரியும் சேர்ந்த இன்னொரு வாடை. வெளியே வெயில் இருந்தும், பெண்கள் பகுதிக்குப் போகும் நடையில் மாலை மயங்கியது போல இருந்தது. நாங்கள் நின்றால் நிற்கிற ஒரு சத்தம் கூடவே வந்தது. துணி தரையில் உரசும் சத்தம். என் பாவாடைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பெண்கள் பகுதியின் கடைசி அறை பூட்டியிருந்தது. அந்த அறையின் வெளிச்சுவரில், முற்றத்தைப் பார்த்தபடி ஒரு சின்ன ஜன்னல். கண்ணாடி இல்லை, கம்பி இல்லை. மரக்கதவு மட்டும் திறந்து கிடந்தது.

"இதுதான் பிள்ளை விக்கிற ஜன்னல்," என்றார் முற்றத்துக்கு வந்த கராமத் அக்கா, மனப்பாடம் ஒப்பிக்கிற குரலில். "இந்த வீட்டு மருமகள்களுக்குப் பிள்ளை தங்காது. உள்ள சாவு காத்துக்கிட்டிருக்கும். அதுக்குத் தெரியாம, பெத்தவ பிள்ளையை ஜன்னல் வழியா வெளிய குடுப்பா. வெளிய அடுத்த வீட்டுக்காரி ஒரு கை தவிடு குடுத்து வாங்கிப்பா. அப்புறம் வாசல் வழியா வந்து, 'இது என் பிள்ளை, உங்ககிட்ட வளர்க்கக் குடுக்கறேன்'னு திருப்பித் தருவா. சாவு வந்து பார்த்தா அது இந்த வீட்டுப் பிள்ளையே இல்ல. ஏமாந்து போயிடும்."

"ஏமாறலைன்னா?" என்று கேட்டாள் துர்சுனாய்.

"வாயைப் பாரு," என்றார் அவர் என்னிடம். வெளியே பால்காரன் மணியடித்தான். அவர் எழுந்து போய்விட்டார். போனதை நான் பார்த்தேன். ஆனால் திரும்பி வந்திருப்பார் என்று நினைத்தேன்.

"சித்தி, என்னையும் வித்தாங்களா?"

"இல்லடா. உனக்குப் பேர் மட்டும்தான் வச்சாங்க."

"அப்ப இப்ப வில்லு! அம்மா திட்டும்போதெல்லாம் தவிட்டுக்கு வாங்கின பிள்ளைன்னு சொல்றாங்கல்ல? நிஜமாவே வில்லு!"

நான் யோசித்திருக்க வேண்டும். விற்பவள் உள்ளே நிற்க வேண்டும், வாங்குபவள் வெளியே. அறை பூட்டியிருந்ததால் நான் முற்றத்தில் நின்றேன். அவளை இடுப்பில் தூக்கி, ஜன்னல் விளிம்பில் உட்காரவைத்து, விளையாட்டாகக் கூவினேன்: "பிள்ளை விக்கிறேன்! வாங்கறவங்க உண்டா?"

"வாங்கறோம்," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

கோடு போட்ட பட்டுச் சட்டை அணிந்த இரண்டு கைகள் இருட்டிலிருந்து வந்தன. குழந்தையின் அக்குளில் பிடித்து, பழகிய கைகளாய் அலுங்காமல் எடுத்துக்கொண்டன. அடுத்து ஒரு கை மட்டும் நீண்டு என் உள்ளங்கையில் எதையோ வைத்து விரல்களை மூடிவிட்டது.

தவிடு. ஈரமாக இருந்தது.

நான் சிரித்தேன். கராமத் அக்காவுக்கு இவ்வளவு விளையாட்டு வருமா என்று வியந்தேன். தவிட்டை உதறிவிட்டு எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. பின்னாலிருந்து யாரோ என் சட்டையை இழுத்தார்கள். துர்சுனாய் நின்றுகொண்டிருந்தாள். அறைக்கு வேறு வழி இருக்கிறது என்று நினைத்தேன்.

வழி முழுக்க அவள் பேசவில்லை. களைப்பு என்று நேற்று எழுதியிருக்கிறேன்.

இன்று காலை, நான் பகலில் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் இருந்தபோது அக்கா அழைத்தாள்.

"என் பிள்ளைக்கு என்னடி சொல்லிக் குடுத்த?"

"என்ன ஆச்சுக்கா?"

"என்னை 'அத்தை'ங்கறா. ராத்திரியெல்லாம் செருப்பைக் கழட்ட மாட்டேன்னு வாசல்கிட்டயே உட்கார்ந்திருந்தா. நான் ரொட்டியைப் பிச்சுக் குடுத்தா, 'வேண்டாம் அத்தை, வீட்டுல போய்ச் சாப்பிட்டுக்கறேன்'ங்கறா. எந்த வீடு? எந்த வீட்டுக்குடி கூட்டிட்டுப் போன என் பிள்ளையை?"

நான் நடந்ததைச் சொன்னேன். எந்தப் பக்கம் நின்றேன் என்றும் சொன்னேன்.

"போய்த் திருப்பி வாங்கிட்டு வா," என்றாள் அக்கா. "வாங்காம என் முகத்துல முழிக்காதே."

திங்கட்கிழமை அருங்காட்சியகம் மூடல். கதவைத் தட்டித் தட்டி என் கை வலித்தது. கராமத் அக்கா கதவை ஒரு சாண் திறந்தார்.

"உனக்கு வேற வேலை இல்ல?"

"அக்கா, நேத்து ஜன்னல்ல பிள்ளையை வாங்கினது நீங்கதானே?"

"நான் எதுக்குடி வாங்கணும்? பால்காரனோட சண்டை போட்டுட்டு இருந்தேன். தெருவே பார்த்துச்சு."

"அப்போ அந்த அறையில யாரு?"

"அதுக்கு ஒரே கதவு. பூட்டிக் கிடக்கு. சாவி அலுவலகத்துல." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்தப் பக்கம் நின்ன?"

"வெளிய."

அவர் கையிலிருந்த விதைகளைக் கீழே போட்டார்.

"அறிவிருக்கா உனக்கு? சாவுகிட்டயிருந்து பிள்ளையை எடுக்கறதுக்குத்தான்டி அந்த ஜன்னல். நீ கொண்டுபோய்க் குடுத்திருக்க. தவிடு எங்க?"

"உதறிட்டேன்."

"விலையும் வாங்கி, விலையைக் கொட்டியும் விட்டுட்ட. நல்ல பொண்ணு. வாத்தியாரம்மா ஆகப்போற பொண்ணு."

என்னை உள்ளே விட்டார். அவர் வாசலிலேயே நின்றுகொண்டார். நான் வரும் வழியில் சந்தையில் ஒரு பை தவிடு வாங்கியிருந்தேன். முற்றத்தில் நல்ல வெயில். ஜன்னலுக்குள் மட்டும் அது போகவில்லை, விளிம்போடு நின்றுவிட்டது.

பையை விளிம்பில் வைத்தேன்.

"விலையைக் கொண்டுவந்திருக்கேன். பிள்ளையைத் திருப்பிக் குடுங்க."



ஈரக் களிமண் வாடை என் முகத்தில் மூச்சுப்போல வந்து அடித்தது.

"தெரியாம பண்ணிட்டேன். என் அக்காவுக்கு அவ ஒருத்திதான்."

உள்ளே யாரோ நகர்ந்தார்கள். ஒருவர் அல்ல. துணி தரையில் உரசும் சத்தம் அறையின் எல்லா மூலையிலிருந்தும் ஜன்னலை நோக்கி வந்தது. என் முகத்துக்கு நேரே, ஒரு கை தூரத்தில், நின்றது.

தவிட்டுப் பை மெதுவாக நகர்ந்து விளிம்பைத் தாண்டி என் காலடியில் விழுந்தது.

"அது எங்க பிள்ளை," என்றது குரல், தாழ்வாக, கோபமே இல்லாமல். "உங்ககிட்ட வளர்க்கக் குடுத்திருக்கோம்."

நான் எப்படி வாசலுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. தெரியாததை எழுதவில்லை. கராமத் அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"ஒரே வழிதான் இருக்கு," என்றார். "பெத்தவ உள்ள நிக்கணும். பிள்ளையை அவ கையால ஜன்னல் வழியா வெளிய குடுக்கணும். நீ வெளிய நின்னு வாங்கு. காலையில சாவி வாங்கி வைக்கறேன். ஆனா அந்த அறைக்குள்ள நான் வரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"பலிக்குமா அக்கா?"

"எனக்கு என்ன தெரியும்? நான் கூட்டிப் பெருக்கறவ."

மாலை வகுப்புக்குப் போகாமல் அக்கா வீட்டுக்குப் போனேன். ஐந்தாவது மாடி. மச்சான் வேலைக்கு ரஷ்யா போயிருப்பதால் அவர்கள் இருவர் மட்டும்தான். அக்கா கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. நானாகவே நுழைந்தேன். நடந்ததையும் கராமத் அக்கா சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

"அந்த வீட்டுக்குள்ளயே திரும்பக் கொண்டுபோகச் சொல்றியா?"

"வேற வழி தெரியலக்கா."

"உனக்கு எது தெரிஞ்சுது? எது தெரிஞ்சு நீ செஞ்ச?"

நான் தலை குனிந்து நின்றேன். துர்சுனாய் வாசல் பக்கத்து நாற்காலியில், மடியில் கைகளைக் கோத்து, விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தாள். "வா சித்தி" என்றுகூடச் சொல்லவில்லை. என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தாள்.

அக்கா அவளைச் சற்று முன்புதான் தலைக்குக் குளிப்பாட்டி, முடியை விரித்து விட்டிருந்தாளாம். அதைக் காயவைக்கலாம் என்று துண்டோடு அருகில் போனவள், தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள்.

"இது யாருடி பண்ணினா?"

நானும் போய்ப் பார்த்தேன். முதுகு முழுக்க மெல்லிய சடைகள், பழைய கால மணப்பெண்களுக்குப் போடுவதுபோல, எண்ண முடியாதபடி. ஒவ்வொன்றின் நுனியும் நூலால் கட்டியிருந்தது. பல பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து பாதி நாள் பின்னினால்தான் அப்படி வரும். அக்காவுக்கு அப்படிப் பின்னத் தெரியாது. எனக்கும் தெரியாது.

அக்கா கத்தரிக்கோலை எடுத்தாள்.

"வேண்டாம் அத்தை," என்றாள் துர்சுனாய், ஜன்னலைப் பார்த்தபடி. "இன்னும் முடிக்கலை."

நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தபோது, அவள் காதோரம் தொங்கிய கடைசி முடிக்கற்றை மூன்றாகப் பிரிந்தது. மெதுவாக, ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிப் பின்னிக்கொண்டது. நுனியில் முடிச்சு விழுந்து இறுகியது. அவள் தலை சற்றே பின்னால் சாய்ந்தது, அம்மா இழுத்துப் பின்னும்போது குழந்தைகள் சாய்வதுபோல.

அக்கா அழவில்லை. கத்தரிக்கோலை வைத்துவிட்டு, "காலையில எத்தனை மணிக்கு முதல் வேன்?" என்று மட்டும் கேட்டாள்.

கராமத் அக்கா சொன்ன வழி சரியா, அல்லது அந்த அறையில் இருப்பவர்கள் கேட்பதைத்தான் நாங்கள் செய்யப் போகிறோமா என்று எனக்குத் தெரியவில்லை. பலமுறை யோசித்தும் வேறு வழி தோன்றவில்லை.

நாளை செய்ய வேண்டியது: காலை முதல் வேனில் போய், அக்காவையும் துர்சுனாயையும் அந்த அறைக்குள் அனுப்ப வேண்டும். நான் ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டும்.