லோயிக் என்று ஒரு பெண்

"என் முதுகுலயே மூச்சு விட்டுக்கிட்டு வராதீங்க... கொஞ்சம் தள்ளி வாங்க!"

திரும்பாமலேயே சிடுசிடுத்தாள் அவள். தியெரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எரிமலைச் சரிவின் கருங்கல் பொடியில், விடிந்ததிலிருந்து அவன் பார்த்ததெல்லாம் அந்த முதுகுப்பையைத்தான்.

"நான் என்னங்க பண்றது? கடைசி ஆளுக்குப் பின்னாடி வந்து, வழிகாட்டி நாடாவையெல்லாம் அவுக்கிறதுதான் என் வேலை. நீங்க வேகமா போனா நானும் போவேன்ல?"

"அதாவது, நான் ஆமைங்கிறீங்க."

"சேச்சே... ஆமை இந்நேரம் முகாமுக்குப் போயிருக்கும்."

வெடுக்கென்று திரும்பினாள். அந்தக் கண்கள்...! மழைக்கு முந்தின மலை மாதிரி கறுத்து, கனத்து, இதோ கொட்டிவிடுவேன் என்று நின்றன. தியெரி அடுத்த கிண்டலை அப்படியே விழுங்கினான். பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் சட்டையில் குத்தியிருந்த எண் அட்டையைப் படித்தான். எண்ணுக்குக் கீழே கொட்டை எழுத்தில், லோயிக்.

"ஆம்பளப் பேராச்சே!"

"எங்கப்பாவுக்குப் பையன் வேணும்னு ஆசை. போதுமா?"

நாள்கணக்கில் ஓடும் பந்தயம் அது. எரிமலையில் தொடங்கி, சாலையே இல்லாத மஃபாத் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறி, கடற்கரையில் முடியும். ரீயூனியன் தீவில் பந்தய நாளில் யார் வீட்டுக்குள் இருப்பார்கள்? மலைக் குடியிருப்புகளில் சோற்றுப் பானையை அடுப்பிலேயே விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். முதல் ஆளானாலும் கடைசி ஆளானாலும், அட்டையில் உள்ள பெயரைப் படித்துத் தொண்டை கிழியக் கத்துவார்கள். "போ லோயிக், போ! விட்டுடாதே!"

ஒவ்வொரு முறையும் அவள் நின்றாள். கண்களை மூடிக்கொண்டாள். குரல்கள் அடங்கிய பிறகுதான் நகர்ந்தாள். இவளுக்கு என்னதான் வேண்டும்... தியெரிக்குப் புரியவில்லை. புரியாததே அவனைத் தொந்தரவு செய்தது.

மறுநாள் மஃபாத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பாறையின் கீழ் இருவரும் ஒதுங்கினார்கள்.

"வாசலுக்கு வாசல் நிக்கிறீங்களே... கெடு தாண்டிட்டா அட்டையை நான்தான் கழட்டி வாங்கணும். அந்தப் பாவத்தை எனக்குக் குடுக்காதீங்க."

அவள் மழையையே பார்த்தாள். "லோயிக் என் புருஷன். இந்தப் பந்தயத்துக்குப் பேர் குடுத்தது அவர்தான். வேலைக்குப் போறதுக்கு முன்னாடி தினமும் மலையேறிப் பழகினார். மே மாசம் கடலோர ரோட்டுல பைக்... அவ்வளவுதான். இப்ப வீட்டுல யாரும் அவர் பேரையே எடுக்கிறதில்ல. நான் அழுதுடுவேனாம். இங்க பாருங்க... முன்னப்பின்ன தெரியாதவங்க வாய் நிறையக் கூப்பிடுறாங்க. கடல் வரைக்கும் கூப்பிட்டா போதும் எனக்கு."

அடுத்தவர் அட்டையில் ஓடுவதா! தெரிந்த நிமிடமே பந்தயம் நடத்துபவர்களிடம் சொல்லியாக வேண்டும். தியெரியின் கை ரேடியோவுக்குப் போனது.

"சொல்லிக்கோங்க," என்றாள். கெஞ்சவில்லை. அப்படியொரு ரோஷம்.

"நீங்க வழுக்கி விழுந்தா, அட்டைக்குப் பின்னாடி இருக்கிற நம்பருக்குத்தானே போன் பண்ணுவாங்க? அது யாரோடது?"

"அவர் குடுத்தது... என்னோட நம்பர்."

"நல்லா இருக்கு! உங்க பைக்குள்ளயே அடிக்குமா?"

களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரிப்பு முடியுமுன்பே அழுகையாகிவிட்டது. வேறு யாராவது என்று கேட்டதற்கு இல்லையென்று தலையை மட்டும் அசைத்தாள். தியெரி அட்டையை வாங்கி, பின்பக்கத்து எண்ணை அடித்துவிட்டுத் தன் எண்ணை எழுதினான்.

"என் பேரு தியெரி. உங்க பேரு?"

"லோயிக்," என்றாள் பிடிவாதமாக.

கடைசி நாள். கீழே கடல் தெரிய ஆரம்பித்துவிட்டது. மேட்டு வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் ஓடிவந்து, "போ லோயிக், போ!" என்று கத்தினாள். முன்னால் போனவள் நிற்கவில்லை... தாண்டிப் போய்விட்டாள். தியெரிக்கு உள்ளே ஏதோ துள்ளியது. துள்ளியதற்காகவே வெட்கப்பட்டான்.

வெகுதூரம் இறங்கிய பிறகு சட்டென்று நின்றாள்.

"மேல... யாராவது அவரைக் கூப்பிட்டாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை. "கூப்பிட்டாங்க."

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எனக்குக் கேக்கல தியெரி... காலையிலருந்து உங்க காலடிச் சத்தத்தைத்தான் கேட்டுக்கிட்டு வர்றேன். அது நின்னா, ஆளைக் காணோமேன்னு மனசு பதறுது. அவருக்காக வந்துட்டு... நானெல்லாம் என்ன மனுஷி?"

தியெரி பக்கத்தில் குந்தினான். "வருஷா வருஷம் எப்படா முடியும்னு இருக்கும். இந்தத் தடவை, கடல் வந்துடுமோன்னு பயந்துக்கிட்டே நடக்கிறேன். இதைச் சொல்ற நேரமில்ல... ஆனா தப்பு உங்களோடது மட்டும்னு நீங்க அழக்கூடாதுல்ல?"

அவள் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அந்தத் தோளைத் தொட அவன் கை எழுந்தது... தொடாமலே இறங்கியது.

"திரும்பிப் போலாமா? அந்த வீட்டுக்கு?" என்றான்.

"கெடு?"

"தாண்டிடும். இப்பவே இறங்கினாத்தான் உண்டு."

அவள் கடலைப் பார்த்தாள். ஏற்றத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து, வந்த வழியே மேலே ஏறினாள். பந்தயத்தில் ஒருநாளும் திரும்பி நடந்தறியாத தியெரி, நாடா மூட்டையோடு கூடவே ஏறினான்.

"என்னம்மா லோயிக், வழி தப்பிட்டியா?" அந்த அம்மாள் பதறினாள். "கடல் அந்தப் பக்கம்! போ லோயிக்... போ!"

அவள் கண்களை மூடிக் கேட்டாள். ஒரு சொல் விடாமல் கேட்டாள். கண்ணீர் தாடையில் இறங்கிச் சொட்டியது. ரேடியோ கரகரத்தது. "தியெரி, நேரம் முடிஞ்சுது. அட்டையை வாங்கிடு."

அவன் கை நீளவே இல்லை. அவளே ஊசிகளைக் கழற்றினாள். அட்டையை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இதைத் தர மாட்டேன்."

"கேக்க மாட்டேன்."

பிறகு, மூச்சைப் போலச் சொன்னாள். "என் பேரு... நொயெலி. எனக்கு இன்னும் அழுகை பாக்கியிருக்கு தியெரி. அவசரப்படுத்தாம இருந்தா... கூப்பிடுங்க."

"நொயெலி..."

ஈரக் கண்களோடு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"கேக்குது," என்றாள்.