இருபதாவது கட்டம்

கண்ணாடிப் பெட்டியில் ஒரு சின்ன வட்டம் பனித்திருந்தது. சட்டைப் பொத்தான் அளவுதான். அவள் போகிற போக்கில் முந்தானை நுனியால் துடைத்தாள், போகவில்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், போகவில்லை. அப்புறம்தான் உறைத்தது, பனித்திருப்பது கண்ணாடியின் உட்பக்கம்.

உள்ளே ஈரம் புக வழியே கிடையாது. பல்செட் செய்வது அவள் பிழைப்பு. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விடாதவள். பல்செட்டுக்குப் பயன்படுத்தும் அதே இளஞ்சிவப்பு மெழுகை உருக்கி, மூடியைச் சுற்றி நாலு பக்கமும் அவளே பூசியிருந்தாள். உள்ளே ஈரத்தை உறிஞ்சும் மூன்று பொட்டலங்கள். அவற்றுக்கு நடுவில் கட்டைவிரல் உயரத்தில் ஒரு ஈயப் பொம்மை, விண்வெளி உடுப்பும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு நின்றது. பனி வட்டம் சரியாக அதன் முகத்துக்கு நேரே இருந்தது.

"என்னங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்."

அவள் வீட்டுக்காரர் காபித் தம்ளருடன் வந்து எட்டிப் பார்த்தார். "பொம்மைக்கு வியர்க்குது போல. ஃபேன் போடு" என்றார். அவள் முகத்தைப் பார்த்ததும் கேலியை நிறுத்திக்கொண்டார். பொம்மை இருந்த விளையாட்டுப் பெட்டி வந்த நாளிலிருந்து அவர் அவளிடம் கொஞ்சம் மெதுவாகத்தான் பேசுகிறார்.

இருபத்திரண்டு வருஷமாக அவள் தேடிய பெட்டி அது. 'ஒன்பது அறைக் கலம்' என்று விளையாட்டின் பெயர். ஒரே ஒரு தடவை அச்சாகி, விற்காமல், போட்ட கம்பெனியே மூடிப்போன விண்வெளிக் கதை விளையாட்டு. விண்கலத்தின் வரைபடம், ஆறு ஈயப் பொம்மைகள், பகடை, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தாள், அவ்வளவுதான் சரக்கு. அப்பா எங்கோ தள்ளுபடியில் வாங்கி வந்து போட்டதை அவளும் தம்பியும் தேய்த்தே தீர்த்தார்கள். தம்பிக்கு வீட்டில் வாண்டு என்று பெயர். பதினேழு வயதில் அவளைவிட ஒரு சாண் உயரமாக வளர்ந்த பிறகும் வாண்டுதான். அவளை அவன் அக்கா என்று கூப்பிட்டதே இல்லை. விளையாட்டில் அவள் கலத்தின் தலைவி. அதனால் எப்போதும் கேப்டன்.

கலத்துக்கு வெளியே போகிறவனுக்கு, அவன் தாளில் இருபது கட்டம் காற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கட்டத்தை அடிக்க வேண்டும். வெளியே நிற்பவன் கை உறையில் இருப்பதால், உள்ளே இருப்பவர்தான் அவனுக்காக அடிக்க வேண்டும் என்பது விதி. அவர்களாகவே போட்டுக்கொண்ட விதி ஒன்றும் இருந்தது. சாப்பிட எழுந்தாலும் சரி, தூங்கப் போனாலும் சரி, வெளியே நிற்கிற ஆளைப் பெட்டிக்குள் எடுத்து வைக்கக் கூடாது. வரைபடத்தோடு அப்படியே மேசையில் விட்டுவிட வேண்டும். அம்மா கத்தினால் கத்தட்டும்.

கடைசி ஆட்டத்தில் வாண்டு வெளியே நின்றான். பதினாறு கட்டம் போயிருந்தது. நாலு பாக்கி. அப்போது பார்த்து அவள் பரீட்சையில் தோற்றதை வைத்து அவன் ஏதோ கிண்டல் செய்தான். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"கேப்டன், கதவத் திற. சும்மாதான சொன்னேன்."

"காத்து தீந்தாத்தான் உனக்குப் புத்தி வரும்."

எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சுருட்டிப் பெட்டிக்குள் போட்டு மூடினாள், அவன் பொம்மையையும் சேர்த்து. மறுநாள் விடிவதற்குள் அவன் ஹாஸ்டலுக்குக் கிளம்பிப் போய்விட்டான். அந்த வாரமே, ஹாஸ்டல் குளியலறையில், உள்தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. அவனுக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் அறையில் இருந்தது. கதவைத் தட்டியிருக்கிறான். பக்கத்து அறைப் பையன்கள் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். மூன்று தட்டு, கொஞ்சம் விட்டு இரண்டு தட்டு, அதனால்தான் விளையாட்டு என்று நினைத்தோம் என்று ஒருவன் அழுதுகொண்டே சொன்னான். கலத்தின் கதவைத் திறக்கச் சொல்லி வாண்டு மேசையில் தட்டுகிற தட்டு அது. அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா அவன் சாமான்களைப் பார்க்கப் பொறுக்காமல் எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரருக்குக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து இவள் அந்த விளையாட்டுப் பெட்டியைத் தேட ஆரம்பித்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியதில் வேறு நாற்பது ஐம்பது விளையாட்டுகள் வீட்டுக்கு வந்து அலமாரியை நிரப்பின. பெரிய சேகரிப்பாளர் என்று பெயர்கூட வந்துவிட்டது. இது மட்டும் வரவில்லை. அவளுக்கு வேண்டியதோ இது ஒன்றுதான். நின்றுபோன ஆட்டத்தை முடித்து, அவனை உள்ளே கூட்டிக்கொள்ள வேண்டும்.

போன வாரம் ஒரு பழைய சாமான் கடைக்காரர் போன் செய்தார். "அட்டை கிழிஞ்சிருக்கும்மா. ஆனா ஆறு பொம்மையும் இருக்கு. யாரோ கிறுக்கின தாளுங்க கெடக்கு, தூக்கிப் போட்டுரட்டுமா?"

"ஐயோ, எதையும் போடாதீங்க. குப்பையோட அப்படியே அனுப்புங்க."

குப்பையோடு வந்தது. தாளை விரித்தவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேலே பென்சிலில் 'வாண்டு'. கீழே இருபது கட்டம், பதினாறு அடித்தது. இடது கைக்காரியான அவளுடைய சாய்ந்த கோடுகள். பொம்மையின் தலைக்கவசத்தில் வாண்டு அவளிடம் திருடிப் பூசிய நீல நகப்பூச்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய பெட்டியே அவளிடம் திரும்பி வந்திருந்தது. சிரித்தாள், அழுதாள், தாளைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினாள்.

அன்றே அவனை உள்ளே வைத்திருக்கலாம். ஆனால் பொம்மையின் காலில் வெள்ளையாக மாவு பூத்திருந்தது. ஈயத்தை அரிக்கும் நோய் அது. ஒன்றுக்கு வந்தால் பக்கத்தில் இருப்பதையும் பிடிக்கும் என்று சேகரிப்பவர்கள் பயப்படுவார்கள். அவள் கைதேர்ந்த சேகரிப்பாளர் ஆயிற்றே. மற்ற ஐந்தையும் வரைபடத்தில் அவரவர் அறையில் நிறுத்தினாள். அவனை மட்டும் சுத்தம் செய்து, ஒரு வாரம் உலரட்டும் என்று, காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மெழுகு பூசினாள். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தாயிற்று, ஒரு வாரம்தானே என்று நினைத்தாள்.

பனி வட்டம் வியாழக்கிழமை வந்தது. அன்று மத்தியானம் அவள் ஒரு பெரியவரின் மேல்வரிசைப் பல்செட்டை அரத்தால் ராவிக்கொண்டிருந்தபோது, அரத்தின் கரகர சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது. அரத்தை நிறுத்தினாள். அதுவும் நின்றது. மறுபடி ராவினாள். டிக் டிக் டிக். கொஞ்சம் விட்டு, டிக் டிக். குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அன்று மாலை வரை அவள் அரத்தைத் தொடவேயில்லை.

வெள்ளிக்கிழமை பொம்மை கண்ணாடிக்கு இன்னும் நெருங்கி நின்றது. அவள் தாளை எடுத்துப் பார்த்தாள். பதினெட்டு கட்டம் அடித்திருந்தது. விரலை வைத்து மூன்று தடவை எண்ணினாள். போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி எண்ணினாள். படத்தில் பதினாறு. புதிதாக வந்திருந்த இரண்டு கோடுகளும் மற்றவற்றைப் போலவே இடது கைச் சாய்வில் இருந்தன.

"நீங்க இந்தத் தாள்ல ஏதாவது எழுதினீங்களா?"

"உன் அலமாரிப் பக்கம் நான் மூச்சு விடவே பயப்படுவேன். நான் போய் எழுதுவனா?" என்றார் அவர். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இங்க பாரு. நீ அவன வெளிய நிறுத்தினது விளையாட்டுல. அவ்வளவுதான். அதுக்கு மேல உன் தப்பு எதுவும் இல்ல."

அவள் தலையாட்டினாள். இருபத்திரண்டு வருஷமாகத் தலையாட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். இந்த வீட்டில் எந்தக் கதவுக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது. குடிவந்த அன்றே திருப்புளியால் எல்லாவற்றையும் கழற்றி எறிந்தவள் அவள். குளியலறைக்குள் போகிறவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும். விருந்தாளியானாலும் பாடத்தான் வேண்டும். கழுதைக் குரல் உள்ளவர்கள் இந்த வீட்டுக்கு வரமாட்டார்கள் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஏன் என்று மட்டும் யாருக்கும் சொல்லமாட்டார்.

சனிக்கிழமை அவள் கண்ணாடிப் பெட்டியும் வேலை மேசையும் இருந்த அறைக்குள் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு, வேலையைச் சமையலறை மேசைக்கு மாற்றிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மழை. அவர் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். மூன்று மணிக்கே வீடு சாம்பல் நிறமாகிவிட்டது. ஜன்னல் எல்லாம் அடைத்திருந்ததால் ஈரத்துணி வாசனையும், மெழுகு வாசனையும், அவற்றுக்கு நடுவே மெல்லிய கசப்பாக இன்னொரு வாசனையும் வீட்டுக்குள் தங்கியிருந்தன. அந்தக் கசப்பு அவளுக்குத் தெரியும். இன்ஹேலரை அழுத்திய பிறகு வாண்டுவின் வாயிலிருந்து வருகிற வாசனை.

டிக் டிக் டிக். டிக் டிக்.

அவள் அந்த அறையைத் திறந்தாள். கண்ணாடிப் பெட்டி முழுவதும் வெள்ளையாகப் பனித்திருந்தது. பொம்மை தெரியவில்லை. தாளை எடுத்தாள். பத்தொன்பது.

ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. அப்போதுதான் தான் செய்திருந்தது அவளுக்குப் புரிந்தது. வெளியே நிற்கிறவனைப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. மறுபடியும் வைத்திருக்கிறாள். இந்தத் தடவை காற்றுப் போகாமல் மெழுகும் பூசி வைத்திருக்கிறாள்.

"இருடா. இருடா கண்ணு. தொறந்துடறேன்."

சமையலறைக்கு ஓடி மெழுகுக் கத்தியையும் ஸ்பிரிட் விளக்கையும் எடுத்து வந்தாள். விளக்கைப் பற்றவைத்தாள். தீக்குச்சி ஒடிந்தது. இன்னொன்று. கத்தி சூடேறவில்லை. சூடேறாமலே குத்தினாள். தன் வேலைச் சுத்தத்தையே சபித்தாள். மெழுகு சுருள்சுருளாக வந்தது. உள்ளே தட்டுவது வேகமானது. மூன்று. இரண்டு. மூன்று. இரண்டு. அப்புறம் கணக்கே இல்லாமல்.

மூடி பெயர்ந்தது.

ஒரு பெருமூச்சு வெளியே வந்தது. ஈயப் பொம்மை விடுகிற அளவு மூச்சல்ல அது. அவள் முகத்தில் வெதுவெதுப்பாக அடித்தது.

இரண்டு விரலால் அவனை எடுத்தாள். பகடையை உருட்டக்கூட நேரமில்லை. கலத்தின் கதவைத் தாண்டி, முதல் அறையில், கேப்டன் பொம்மைக்குப் பக்கத்தில் அவனை நிறுத்தினாள். தாளைப் பார்த்தாள். இருபதாவது கட்டம் வெள்ளையாக இருந்தது.

"உள்ள வந்துட்டடா. வந்துட்டடா வாண்டு. என்ன மன்னிச்சுருடா."

மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். தட்டுவது நின்றிருந்தது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை வருஷமாக நெஞ்சில் அடைத்திருந்தது ஏதோ நகர்ந்தது போல இருந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாளோ, அவளுக்கே தெரியாது.

தட். தட். தட்.

தட். தட்.

இது டிக் டிக் இல்லை. மரத்தில் முழு உள்ளங்கை விழுகிற சத்தம்.

அவள் தலையைத் தூக்கினாள். முதல் அறையில் கேப்டன் மட்டும் நின்றாள். பக்கத்தில் கொஞ்சம் வெள்ளை மாவு. வேறு யாரும் இல்லை.

அந்த அறையோடு சேர்ந்த குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. மேல்பாதி மங்கல் கண்ணாடி. கண்ணாடியில், அவளைவிட ஒரு சாண் உயரத்தில், ஒரு பனி வட்டம். சுருங்கியது. விரிந்தது. சுருங்கியது.

உள்ளே பாட்டு இல்லை.

ஓடிப் போய் இழுத்தாள். கதவு வரவில்லை. நிலைக்கட்டையில் காலை ஊன்றி இழுத்தாள். உள்ளே இரும்பு இரும்போடு மோதுகிற சத்தம். தாழ்ப்பாள். இந்த வீட்டில் இல்லாத தாழ்ப்பாள்.

"வாண்டு! கேப்டன்டா! தொறந்துடறேன், இருடா!"

கத்தி. இடுக்கில் கத்தியை விட்டு நெம்பினால் வரும். மேசைக்கு ஓடினாள். கையை நீட்டினாள்.

இடது கையில் பென்சில் இருந்தது.

தாளில் இருபதாவது கட்டம் அடித்திருந்தது. சாய்ந்த கோடு. புதிது. அவள் கட்டைவிரல் முழுக்கப் பென்சில் கரி.

தட்டுவது நின்றது.

அவள் திரும்பிப் பார்த்தாள். மங்கல் கண்ணாடியில் அந்த வட்டம் ஓரத்திலிருந்து மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டு வந்தது. ஒரு தட்டளவு. ஒரு காசளவு. ஒரு சட்டைப் பொத்தான் அளவு. அது மறுபடி விரியட்டும் என்று, தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு, பென்சிலோடு அவள் நின்றுகொண்டிருந்தாள்.